துளை போடாத கூரை

எங்கள் வேனின் கூரையில் நாங்கள் போட்ட துளை ஒன்றுகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேனைப் பார்க்க வருகிற ஆண்களெல்லாம் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அண்ணாந்து மேலே இருக்கிற இரண்டு சோலார் பேனல்களையும் பார்த்துவிட்டு, "எத்தனை போல்ட்டு போட்டு இறுக்கியிருக்கு?" என்பார்கள். கேள்வி என் கணவரிடம்தான் போகும். அவர் தாடையால் என்னைக் காட்டி, "பதில் சொல்லுக ஆளு அங்க நிக்கா" என்பார். பிறகு நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பேன். அரை மணி நேரத்துக்குக் குறையாது. எனக்குப் பெருமைதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கடியப்பட்டணத்துக் கடற்கரையில் பிறந்து, இருபத்தெட்டு வருடம் சத்துணவுக் கூடத்தில் சோறு பொங்கிய ஒருத்தி, வெயிலைப் பிடித்து பேட்டரியில் அடைத்திருக்கிறாள். அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க நான் என்ன புனிதையா?

இது எல்லாம் ஒரு சின்னப் பெட்டியால் வந்தது. நான்கு வருடங்களுக்கு முன்பு நாகர்கோவில் டாக்டர் ஒருவர், தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்தார். அதுவரை நான் குறட்டை விடுகிறேன் என்றுதான் வீட்டில் பேச்சு. டாக்டர் கொடுத்த பெட்டியிலிருந்து ஒரு குழாய் வரும், குழாயின் நுனியில் மூக்கை மூடும் முகமூடி. தூங்குகிற நேரம் முழுக்க அது காற்றை ஊதிக்கொண்டிருக்கும், தொண்டை அடைக்காது. போட்டுத் தூங்கிய முதல் வாரமே நான் மறுபடியும் மனுஷியானேன். தலை கனக்கவில்லை, பகலில் கண் சொக்கவில்லை, யாரிடமும் காரணமில்லாமல் எரிந்து விழவில்லை. காரணத்தோடு எரிந்து விழுவது வேறு, அது என் சுபாவம்.

ஆனால் அந்தப் பெட்டி சுவரிலிருக்கிற கரண்டோடு என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. எங்கள் ஊரிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டு கடைசியில் நாற்பது பேர் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். கடலோரமாகவே பத்துப் பன்னிரண்டு நாள் நடை. கோயில் முற்றத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் மணலிலும் படுக்கை. அவர்களுக்குக் கஞ்சியும் பயறும் பால் விடாத கட்டன்சாயாவும் போட்டுக் கொடுக்கிற வண்டி ஒன்று கூடவே போகும். பதினோரு வருடம் அந்த வண்டியின் அடுப்பு என் கையில் இருந்தது. வியாதி வந்த வருடம், பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வீம்புக்குப் போனேன். மூன்றாம் நாள் மத்தியானம் கஞ்சிப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கொதிக்கிற கஞ்சி மணலில் கவிழ்ந்தது. பக்கத்தில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு சாண் தள்ளி விழுந்ததால் தப்பினாள்.

நடைக்குத் தலைவன் எங்கள் ஊர் மீன் ஏலக்காரன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அடுத்த வருடம் அவனே வீட்டுக்கு வந்தான். "அக்கா, சொன்னா கோவிக்கப்பிடாது. இந்த வருசம் நீங்க வீட்ல இருந்து செபம் சொல்லுங்க. வழியில ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுண்ணா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?" என்றான். அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இரண்டு வருடம் வேறு ஒருத்தி என் அண்டாவில் கஞ்சி வைத்தாள். அவர்கள் கோயிலிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு எங்கள் தெருவழியே போனபோது, வாசலில் நின்று கையசைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், ஆனாலும் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் என் கணவர் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கினார். அவருக்கு மீன் பிடிக்கப் போகிற ஃபைபர் வள்ளங்களைப் பழுது பார்க்கிற தொழில். ரெசின் பசை டின்களையும் கண்ணாடி நார்ச் சுருள்களையும் கடற்கரை கடற்கரையாகக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும் என்று வாங்கினார். என் தம்பி பதினெட்டு வருடம் கல்ஃபில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் வேனைப் பார்த்ததும் ஒரு வீடியோவைக் காட்டினான். எங்கோ ஒரு வெள்ளைக்காரனும் அவன் பெண்டாட்டியும் வேனுக்குள்ளேயே குடித்தனம் பண்ணுகிறார்கள். கட்டில், ஃபேன், ஃப்ரிட்ஜ், காப்பி போடுகிற மெஷின் எல்லாம் உள்ளே. கூரையில் சோலார் பேனல்.

"லே மக்கா, காப்பி மெஷின் ஓடுமானா எனக்க மெஷின் ஓடாதா?" என்றேன்.

தம்பி ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "ஓடும். எதுக்கு ஓடாது?" என்றான்.

அடுத்த நிமிடமே நான் தலைவன் வீட்டுக்குப் போய்விட்டேன். இந்த வருடம் கஞ்சி என் கையால்தான், வண்டியும் எங்கள் வண்டிதான் என்றேன். அவன் சிரிக்கவில்லை. "சரி அக்கா. கெளம்பறதுக்கு முன்னால மூணு ராத்திரி வீட்டுக் கரண்டத் தொடாம வேனுக்குள்ள தூங்கிக் காட்டுங்க. தூங்கிக் காட்டினா அண்டாவ ஒங்க வண்டியில ஏத்துகேன். இல்லேண்ணா போன வருசம் வந்த பொம்பளைட்ட சொல்லிருவேன்" என்றான். மூன்று ராத்திரி. அவ்வளவுதான் என் பரீட்சை. நான் ஊர் முழுக்க ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பேனல் தேர்ந்தெடுக்கிற வேலையை முதலில் தம்பியிடம் விட்டேன். என் தப்பு. அவன் காகிதம்போல் வளைகிற பேனல் ஒன்றைக் காட்டி, இதைக் கூரையில் அப்படியே ஒட்டிவிடலாம் என்றான். தகரக் கூரையில் ஒட்டினால் அடியில் காற்று போகாது. சூடு ஏற ஏற பேனல் தருகிற கரண்ட் குறையும் என்று அவனே இரண்டு நாள் முன்பு சொல்லியிருந்தான். "ஒன் வாயால சொன்னத நீயே மறந்துட்டியா?" என்று கேட்டேன். நாகர்கோவில் கடைக்குப் போனோம். கடைக்காரர் வீட்டு மாடியில் வைக்கிற ஆளுயரப் பேனல் ஒன்றை எடுத்துக் காட்டி, இது ஒன்று போதும் என்றார். பேச்செல்லாம் தம்பியைப் பார்த்துத்தான். நான் அளவு கேட்டதும், "வீட்டு ஆம்பிளை வரல்லியா அம்மா?" என்றார்.

"வந்திருக்காரு. வெளிய வேனுக்குக் காவல் நிக்காரு. நீங்க எனக்கு நீளம் அகலம் சொல்லுங்க" என்றேன்.

அளவை எழுதிக்கொண்டு எதையும் வாங்காமல் திரும்பினேன். பக்கத்து வீட்டில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கிடந்தது. அதை அந்த அளவுக்கு வெட்டி, பின்பக்க ஏணிவழியே கூரைக்கு ஏறிப் பரப்பினேன். நடுவில் காற்றுப்போக்கி மூடி ஒன்று உண்டு, பெரிய அட்டை அதன் மேலேயே உட்கார்ந்தது. அட்டையைக் குறுக்கே வெட்டி இரண்டாக்கினேன். மூடிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அளந்து வைத்ததுபோல் இருந்தது. கீழே என் கணவர், "ஏட்டி, கூரைக்குப் பாவாடை தைக்கியா?" என்று கேட்டார். கேட்டாலும், வெயில் எந்தப் பக்கமாகச் சாய்கிறது, தென்னையின் நிழல் எத்தனை மணிக்கு எந்த மூலையைத் தொடுகிறது என்று அவரும் என்னோடு இரண்டு நாள் பார்த்தார். ஒரு ஓலை நிழல் விழுந்தால்கூட பேனல் சோர்ந்துபோகும் என்று தம்பி சொல்லியிருந்தான். எங்கள் ஊரில் வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பவன் நிழலில்தான் நிறுத்துவான். அந்தப் பழக்கத்தை விட அவருக்கு ஒரு வாரம் ஆனது.

எவ்வளவு பெரிய பேட்டரி என்பது அடுத்த சண்டை. இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளுக்கு அளவு சொல்லித்தர வேண்டாம். ஒரு ராத்திரிக்குப் பெட்டி எவ்வளவு குடிக்கிறது என்று தம்பியை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். காற்று ஊதுவதைவிட, அந்தக் காற்றை ஈரமாக்க உள்ளே இருக்கிற தண்ணீரைச் சூடாக்குகிற வேலைக்குத்தான் அது அதிகம் குடித்தது. எங்கள் கடற்கரைக் காற்றுக்கு இன்னும் ஈரம் எதற்கு? டாக்டரிடம் கேட்டு, அந்தத் தண்ணீரை நிறுத்தினேன். குடிப்பது பாதிக்கும் கீழே வந்தது. பேட்டரி இரண்டு ராத்திரிக்குத் தாங்க வேண்டும், ஏனென்றால் ஒருநாள் மேகம் மூடலாம். பேனல் ஒரே பகலில் அதை நிரப்ப வேண்டும். இந்த இரண்டு கணக்குக்கும் சின்னப் பேனல் இரண்டு போதுமானதாக இருந்தது.

தம்பி இன்வர்ட்டர் ஒன்று வேண்டும் என்றான். பேட்டரியில் இருக்கிற பன்னிரண்டு வோல்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றி, அதில் பெட்டியின் பிளக்கைச் செருகுவது அவன் திட்டம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியின் சார்ஜரில் இருக்கிற பொடி எழுத்தை வாசித்தேன். பெட்டிக்குள் போவது இருபத்து நாலு வோல்ட்டுதான்.

"லே, பன்னிரண்ட இருநூத்தி முப்பதாக்கி, அத மறுபடியும் இருபத்து நாலாக்கணுமா? சோத்த வடிச்சு, திருப்பி அரிசியாக்கி, மறுபடியும் பொங்குகதா? நேரா இருபத்து நாலாக்குக சாமானம் கெடையாதா?"

அவன் சார்ஜரை வாங்கிப் பார்த்தான். பிறகு ஃபோனை எடுத்துத் தேடினான். அப்படி ஒரு சாமான் இருந்தது, கைக்குள் அடங்குகிற அளவில். பதினெட்டு வருட ஃபோர்மேன் ஒரு சத்துணவு அக்காவிடம் தோற்றான். இதை நான் எல்லோரிடமும் சொல்லுவேன், அவன் பக்கத்தில் இருந்தால் இரண்டு முறை சொல்லுவேன்.

பேனல் வந்தது. பொருத்துகிற நாளில்தான் பெரிய சண்டை. தம்பி டிரில் மெஷினோடு ஏணியில் ஏறினான். என் கணவர் ஏணியைப் பிடித்து ஆட்டினார்.

"இறங்குலே. முப்பது வருசமா ஓட்டை அடைச்சுப் பிழைக்கேன். எனக்க வேன்ல நானே ஓட்டை போடவா?"

"அத்தான், போல்ட்டு போட்டுச் சுத்தி சிலிக்கான் தேச்சா சொட்டுத் தண்ணி எறங்காது. கல்ஃப்ல எல்லாம் இப்பிடித்தான்."

"கல்ஃப்ல மழை பெய்யுமாலே?"

எங்கள் ஊரில் இரண்டு மழைக்காலம் உண்டு. அது போக வருடம் முழுக்க உப்புக் காற்று. ஓட்டையின் ஓரத்தில் துரு பிடித்தால் எந்த சிலிக்கானும் நிற்காது. தம்பியின் பயமும் சரிதான். ஓடுகிற வேனிலிருந்து பேனல் பறந்து பின்னால் வருகிறவன் மேல் விழுந்தால் என்ன ஆகும்? இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரம் என் கணவர் ஒட்டிய வள்ளங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அலையில் போய் மோதுகிற வள்ளத்தின் முன்மூக்கை, அணியத்தை, இந்த மனிதர் நாரும் ரெசினும் வைத்துத்தானே ஒட்டுகிறார்? அது கடலிலேயே பிய்வதில்லை.

"இஞ்ச பாருங்க," என்றேன், "வள்ளத்துக்குச் செய்யதத் தான் இதுக்கும் செய்யணும். கூரையில ஃபைபர்ல கால் எழுப்புங்க. பேனல அந்தக் காலுல மாட்டலாம்."

அவர் முகம் மலர்வதை நான் அடிக்கடி பார்ப்பதில்லை. அன்றைக்குப் பார்த்தேன். பெயிண்டைத் தகரம் தெரியும்வரை உரசினார். இரும்பைப் பிடிக்கிற ரெசினாகப் பார்த்து வாங்கிவந்து, நாரைப் படலம் படலமாக வைத்து, ஒரு பேனலுக்கு ஆறு கால் எழுப்பினார். காலின் உயரம் நான்கு விரல் இருக்க வேண்டும், அடியில் காற்று ஓட வேண்டும் என்று நான் கூரையின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மூன்று விரல் வந்ததும் அவர் போதும் என்றார். நான் விரலை வைத்துக் காட்டி இன்னும் ஒரு படலம் வைக்க வைத்தேன். காலில் புதைத்த போல்ட்டுகள் வள்ளத்து இன்ஜினுக்குப் போடுகிற, துருப்பிடிக்காத போல்ட்டுகள். வயரை உள்ளே எப்படிக் கொண்டுபோவது என்பதைத் தம்பி யோசித்தான். பின்கதவின் ரப்பர் ஓரத்தில் வளைத்து, ஒரு சொட்டும் உள்ளே வராதபடி கொண்டுபோனான். அவனுக்கும் மூளை இருக்கிறது, எழுப்பினால் வேலை செய்யும்.

கால் இறுகிக் காய்ந்த பிறகும் என் கணவருக்கு மனசு ஆறவில்லை. நான்கு மூலையிலும் நைலான் கயிற்றால் ஒரு கட்டுக் கட்டினார். ஒருவேளை கால் விட்டாலும் பேனல் பறக்காது என்றார். பிறகு, "ஆரல்வாய்மொழிக்குப் போவோம்" என்றார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் அடிக்கிற காற்றைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் வரிசையாக நின்று சுற்றுகிற இடம். அங்கே நிற்கிற பேனல் எங்கேயும் நிற்கும். நான் உள்ளே எனக்காகப் போட்டிருந்த கட்டிலில் ஏறி, காதைக் கூரையில் வைத்துக்கொண்டேன். கணவாய் நெருங்கியதும் மேலே 'ஊ' என்று ஒரு சத்தம். வேகம் கூடக் கூட சத்தமும் கூடியது. தம்பி வெளிறிப்போனான். "அக்கா, கால் விடுகு" என்றான். என் கணவர் ஓரமாக நிறுத்தினார். நான் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தக் காற்றில் ஏணி ஏறினேன். கீழே இரண்டு ஆண்களும் இறங்கு இறங்கு என்று கத்தினார்கள். காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்டாலும் இறங்கியிருக்க மாட்டேன். பன்னிரண்டு காலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து உலுக்கினேன். ஒன்றும் அசையவில்லை. கயிற்றைத் தொட்டேன். என் கைக்குள் அதுதான் அதிர்ந்தது. சத்தம் கயிற்றினுடையது.

இறங்கிவந்து சொன்னேன். என் கணவர் ஏறி, ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு முறுக்கு ஏற்றி மறுபடியும் கட்டினார். திரும்பி வரும்போது மேலே சத்தமே இல்லை. அவர் வண்டி ஓட்டிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழியில் நிறுத்தச் சொல்லி மூன்று பேருக்கும் நொங்கு வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று ராத்திரிப் பரீட்சை தொடங்கியது. முற்றத்தின் நடுவில், தென்னைகளுக்குத் தள்ளி, வேனை நிறுத்தினோம். முதல் ராத்திரி நன்றாகத் தூங்கினேன். காலையில் பேட்டரி மீட்டரில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அன்றைக்குப் பகலில் நிரம்பியது. இரண்டாம் நாள் காலையிலும் அதே. தலைவன் வந்து மீட்டரை எட்டிப் பார்த்தான். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றான். நான் அவனுக்கு அந்த இன்வர்ட்டர் கதை முழுவதையும் சொன்னேன்.

அந்தப் பகலில்தான் கேடு வந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில், ஆனால் மீட்டரில் ஏறுகிற கரண்ட் ஒன்றுமே இல்லை. தம்பியைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட விதம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"பதினெட்டு வருசம் ஃபோர்மேன் வேலை பாத்தேண்ணு சொல்லுக. ரெண்டு வயரு ஒழுங்கா மாட்டத் தெரியல்லியா ஒனக்கு?"

"அக்கா, எனக்க வயரிங்க மட்டும் குத்தம் சொல்லாத."

"பின்ன ஆருக்க வயரிங்கச் சொல்ல? பக்கத்து வீட்டுக்காரனுக்க வயரிங்கயா?"

அவன் வேர்வை சொட்டச் சொட்ட வேனுக்குள் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்த்தான். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற கன்ட்ரோலரைக் கழற்றினான், மாட்டினான். நான் அவன் தலைமாட்டில் நின்று, அவன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்புக்குப் போய்ச் சோற்றை இறக்கிவிட்டு வந்து மறுபடியும் சொன்னேன். மூன்று மணி நேரம் இப்படிப் போனது. என் கணவர் வேலையிலிருந்து வந்தார். எங்களைப் பார்க்கவில்லை, வேனின் கூரையைப் பார்த்தார்.

"இந்தக் காக்கா எல்லாம் எதுக்கு அங்க கூடுகு?" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினார்.

மேலே எதையோ விலக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக இறங்கி வந்தார். என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஒன்றை வைத்தார். அரைகுறையாகக் காய்ந்த ஒரு நெத்திலி.

"ஏட்டி, கரண்டு நல்லா உப்புப் பிடிச்சிருக்கு" என்றார்.

மாதாவே! அது நான் போட்டது. அன்றைக்குக் காலையில் வெளிச்சம் சரியாக வருவதற்கு முன்பே, கடற்கரையிலிருந்து நெத்திலி வாங்கிவந்து உப்புப் பிசிறியிருந்தேன். வீட்டு மொட்டைமாடியில் என் கணவர் ஏதோ ஃபைபர் பலகையைக் காயவைத்திருந்தார். கீழே போட்டால் நாய். மட்டமான, வழவழப்பான, வெயில் தப்பாமல் விழுகிற, நாய் ஏறாத இடம் ஒன்று முற்றத்தின் நடுவில் நின்றது, ஏணியோடு. கை தானாகப் போய்விட்டது. இரண்டு பேனல் மேலும் பழைய வலைத்துண்டை விரித்து, நெத்திலியை நெருக்கமாகப் பரப்பி, மேலே இன்னொரு வலையைப் போட்டு மூடிவிட்டு, பூசைக்குப் போய்விட்டேன். எங்கள் ஊரில் பிறந்த யாரும் மீன் காயப்போடுவதை யோசித்துச் செய்வதில்லை. யோசிக்காமல் செய்ததால் நினைவிலும் நிற்கவில்லை. அட்டை வெட்டி அளந்து, ஓலை நிழலுக்கு வண்டியைத் தள்ளி நிறுத்தியவள் நான்!

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் அவனுக்கு அந்த மூன்று மணி நேரம் ஞாபகம் வந்தது. "இப்பம் எனக்கிட்ட மன்னிப்பு கேக்கணும், கேட்டியா" என்றான்.

"நீ மொதல்ல அந்த வயரை மாட்டு. மன்னிப்பு மீன்குழம்போட வரும்" என்றேன். வந்தது. இரண்டு துண்டு கூடுதலாகவே வந்தது.

ஆனால் பேனலைக் கழுவி வயரை மாட்டுவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. தம்பி சோதிக்கிறேன் என்று பெட்டியை ஓட்டிப் பார்த்ததில் பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, அது அந்த ராத்திரிக்கு விடியும்வரை போதுமா என்பது சந்தேகம். டாக்டர் கண்டித்திருந்ததால் பாதியில் நிற்கிற பெட்டியோடு நான் படுக்கவில்லை, வீட்டுக் கட்டிலுக்குப் போனேன். மூன்றாம் ராத்திரி தோற்றுப்போனது. என் கணவர், "அவன்ட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். நாளைக்கு ராத்திரியச் சேத்து மூணுண்ணு சொல்லிரு" என்றார். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. கஞ்சிப் பானை கவிழ்ந்ததைப் பார்த்த ஆளிடம் தூக்கத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. காலையில் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கே போனேன். பத்து நாற்பது பேர் நிற்க, நடுவில் தலைவன் நின்று விலை கூவிக்கொண்டிருந்தான். ஏலம் முடிந்ததும் அத்தனை பேருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னேன்.

"நெத்திலியா?" என்றான்.

"நெத்திலிதான்."

அவன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடற்கரையே சிரித்தது. "அக்கா, வறுத்தா தருவீங்க, சார்ஜ் ஏத்தியா தருவீங்க?" என்று ஒருவன் கேட்டான். நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றேன். தலைவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க, இன்னும் ஒரு ராத்திரி. மறைக்காம வந்து சொன்னீங்கல்லா" என்றான்.

அந்த ராத்திரியைத் தூங்கிக் கடந்தேன். காலையில் மீட்டரை அவனே வந்து பார்த்தான். சாயங்காலம் அண்டா எங்கள் வேனில் ஏறியது. அதற்குள் தம்பி ஏணியின் மேல்படியில் சிவப்புப் பெயிண்டால் எழுதிவைத்திருந்தான்: 'இங்கே மீன் காயப்போடக் கூடாது.' அழிக்கச் சொன்னேன். என் கணவர் அழிக்க விடவில்லை. இன்றைக்கும் இருக்கிறது.

இரண்டு வருடம் வாசலில் நின்று கையசைத்த தெருவழியே, அந்த வருடம் வேனின் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் ராணிபோல் கையசைத்தேன். நடக்கிறவர்களுக்கு முன்னால் போய், நல்ல வெட்டவெளியாகப் பார்த்து வேனை நிறுத்துவோம். அவர்கள் ஓய்வெடுக்க மரத்தடி, வேனுக்கு வெயில். முதல் ராத்திரி ஒரு கோயில் முற்றம், இரண்டாவது ராத்திரி ஒரு பள்ளிக்கூட வாசல். இரண்டு இடத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு, முகமூடியைப் போட்டு, வீட்டில் தூங்குவதுபோல் தூங்கினேன். எழுந்ததும் தலை தெளிவாக இருந்தது. நேராகப் போய் அண்டாவை இறக்கினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் உவரி தாண்டி, செம்மண்ணும் உடைமரமுமாக இருக்கிற ஒரு இடத்தில் நிறுத்தினோம். பானை கவிழ்ந்ததும் ஒரு மூன்றாம் நாள்தான். அதை நான் மறந்திருக்கவில்லை. அகப்பையை இறுக்கிப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தேன். நடக்கிறவர்கள் மத்தியானம் கிடைக்கிற தண்ணீரில் காவியை அலசி, கிடைக்கிற இடத்தில் காயப்போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். கூட வருகிற வண்டியின் கூரைதான் எப்போதும் அதற்கு இடம். பதினோரு வருடமும் அப்படித்தான், நானே ஏறி விரித்துக் கொடுத்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால், இரண்டு பேர் பிழிந்த வேட்டிகளோடு ஏணியில் நிற்கிறார்கள். ஒருவன் மேல்படியில் இருக்கிற எழுத்தை உரக்க வாசித்தான்.

"மீனு தானே போடப்பிடாது? இது துணியாக்கும்" என்றான் மற்றவன். வேட்டியை உதறி முன் பேனல் மேல் விரித்தான்.

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் வேறொரு குரல் கேட்டது. தலைவன் மரத்தடியில், கொப்புளம் வந்த காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாளி கவிழ எழுந்து, அந்தச் சுடுமண்ணில் வெறுங்காலோடு ஓடிவந்தான். மீன் ஏலம் கூவிப் பழகிய குரல்.

"ஏலே! எடுங்கலே அதை! எடுங்கண்ணு சொல்லுகேன்! அது அக்காவுக்க மூச்சாக்கும்!"

இரண்டு பேரும் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். அவன் அந்தக் காலோடு ஏணியில் ஏறி, தோளில் கிடந்த துண்டை எடுத்து, பேனல் மேல் சொட்டியிருந்த தண்ணீரை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை துடைத்தான். வீட்டில் இருந்து செபம் சொல்லுங்கள் என்று எனக்குச் சொன்னவன். துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "அக்கா, கஞ்சி ஆயாச்சா?" என்று கேட்டான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்பது பேர் பார்க்கிறார்கள் என்று துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. "ஆச்சு மக்கா, வா" என்று மட்டும்தான் வாயில் வந்தது. அவனுக்குத்தான் முதல் தட்டு ஊற்றினேன். காவியெல்லாம் அன்றைக்கு உடைமரத்து முள்ளில் காய்ந்தது.